இரண்டு மழைக்காலம்

ஓர் ஊழியக்காரியை ஓர் ஊருக்கு அனுப்பினால், குறைந்தது இரண்டு மழைக்காலம் அவளை அங்கே விட்டுவைக்க வேண்டும். ரொம்ப நாளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது வெளியே எழுதுகிறேன். பர்மாவின் தமிழ்ச் சபைகளுக்கு எங்களைப் போன்ற இளம் ஊழியர்களை அனுப்புகிற, மாற்றுகிற, திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிற பெரியவர்கள் யாராவது இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

எங்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஒரு வருஷம். ஏப்ரலில் தண்ணித் திருவிழா முடிந்த கையோடு மாற்றல் கடிதம் வரும். சில சமயம் கொட்டுகிற மழையிலும் வரும். ஆள் போதாது, காசு போதாது என்பார்கள். இரண்டும் உண்மைதான். இன்னொரு காரணத்தையும் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். சின்ன வயசுப் பிள்ளைகள் ஒரே ஊரில் நாள்பட இருந்தால் அந்த ஊரோடு ஒட்டிக்கொள்வார்கள், பிறகு கிளப்புவது கஷ்டம் என்று. ஒட்டிக்கொள்ளாமல் ஊழியம் எப்படிச் செய்வது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் ரங்கூனில் பிறந்தவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் பர்மியம். இங்கே எங்கள் எல்லாருக்கும் போல எனக்கும் இரண்டு பெயர்: ஞானஸ்நானத்தில் வைத்தது ஒன்று, பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் இருப்பது ஒன்று. 1964-இல் கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமையாகி, கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் சென்னைக்குத் திரும்பியபோது போகாமல் நின்ற குடும்பம் எங்களுடையது. அடுத்த வருஷம் மிஷன் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் கைவிட்டுப் போயின. 1966-இல் வெளிநாட்டு மிஷனரிகளை நாட்டை விட்டு அனுப்பினார்கள். அதற்கப்புறம் கிராமத்துச் சபைகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் உள்ளூர் உபதேசியார்களும் பைபிள் அம்மாக்களும்தான். சம்பளம் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு எதுவும் கிடையாது. கால்நடையாகவும் படகிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய் ஜெபித்து, பிள்ளைகளுக்கு ‘அ, ஆ’ சொல்லிக்கொடுத்து, செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். மிஷனரி என்றால் புகைப்படத்தில் தொப்பியோடு நிற்கும் வெள்ளைக்காரரைத்தான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பைக்குள் கீர்த்தனைப் புத்தகமும் வெற்றிலைப் பொட்டலமும் வைத்திருந்த கிழவிகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இன்செயினில் வேதாகமப் படிப்பை முடித்ததும் என்னைத் தவுங்கூ பக்கத்தில் ஒரு தமிழ்க் கிராமத்துக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் நான் சொல்லப்போகும் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ரயில் பாதையிலிருந்து, ஆள் ஏற்றிப்போகும் லைன் காரில் போய், கடைசித் தூரம் வரப்பு மேல் நடக்க வேண்டும். மழையில் நெல், மழை விட்டதும் உளுந்து. சென்னையில் நீங்கள் சாப்பிடும் இட்லியில் எங்கள் ஊர்க்காரர்களின் உளுந்தும் கலந்திருக்கும். இந்த நாட்டு உளுந்தில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் கப்பல் ஏறுகிறது.

போய் இறங்கிய சாயங்காலமே வீட்டுக்கார அண்ணன் என் அட்டையை வாங்கிக்கொண்டு ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனார். வெளியூர் ஆள் இரவு தங்கினால் பதிய வேண்டும் என்ற விதியை 2016-இல் எடுத்தார்கள், 2021-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊர் மாறி ஊர் போகிற எங்களுக்கு முதல் வேலை அந்தப் பதிவுதான்.

முதல் வருஷம் முழுக்க நான் விருந்தாளி. இருக்கிற ஒரே முட்டை என் தட்டுக்கு வரும். பாத்திரம் கழுவ உட்கார்ந்தால், “ஐயோ ஸயாமா, நீங்க எந்திரிங்க” என்று பிடுங்கிக்கொள்வார்கள். டீச்சரையும் போதகியையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. வீடு சந்திக்கப் போனால் பாய் விரித்து, டீ போட்டு, பிள்ளைகளுக்குத் தலை சீவி உட்கார வைத்துவிடுவார்கள். “எல்லாரும் கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்.” ஜெபக் குறிப்பு கேட்டால் முட்டி வலி, மழை, பரீட்சை. நானும் முட்டிக்கும் மழைக்கும் பரீட்சைக்கும் ஊக்கமாக ஜெபித்தேன். அவை பொய்யான குறிப்புகள் இல்லை. அடுத்த சித்திரைக்கு மூட்டை கட்டிவிடப்போகிற பெண்ணிடம் சொல்வதற்கு அவை போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் வந்துபோன ஊழியர்களை அவர்கள் முகத்தைவிட நோயை வைத்தே ஞாபகம் வைத்திருந்தார்கள்: காய்ச்சலில் கிடந்தது, பாம்பு கடித்தது, இருமிக்கொண்டே பாடியது.

எனக்குப் பதிலாக வரவேண்டிய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் மட்டுமே எனக்கு அங்கே இரண்டாவது மழை கிடைத்தது.

அந்த மழையில் ஒரு நாள் காலையில் பெரியம்மா, நான் தங்கியிருந்த வீட்டின் மூத்தவர், என் கையில் ஒரு நாற்றுக்கட்டைத் திணித்தார். “சும்மா பாத்துக்கிட்டே நிக்காத. எறங்கு.” முழங்கால் வரை சேறு, முதுகில் மழை, காலில் அட்டை. அட்டையைப் பிடுங்கக்கூடாது, சுண்ணாம்பு வைத்தால் தானே விழும் என்று சொல்லி, தன் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பைக் கிள்ளி என் கணுக்காலில் வைத்தார். நான் நட்ட வரிசை கோணலாக இருந்ததற்கு ஊரே கேட்கிற மாதிரி திட்டினார். அன்றைக்கு ராத்திரி பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் கழுவினேன். அப்போதுதான், அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி, தன் சின்ன மகனைப் பற்றிப் பேச்சை எடுத்தார்.

அவர் ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டியிருந்தார். பக்கத்து ஊர். சபையில் கல்யாணம் நடக்கவில்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில்லை. இது ஊருக்கே தெரியும். என்னிடம்தான் ஒரு வருஷமாக யாரும் மூச்சுவிடவில்லை. பேரன் இருக்கிறான் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வரப்பில் சைக்கிள் டயர் ஓட்டிக்கொண்டு திரிகிற பையன்களில் ஒருவன் அவன். நான் அவனுக்கு மிட்டாய்கூடக் கொடுத்திருக்கிறேன். “அவனுக்கு ஷின்ப்யு வைக்கப் போறாங்களாம். என்னிக்காவது. அன்னிக்கு நான் போலாமா கூடாதா, நீ வேதத்தப் பாத்து சொல்லு.”

புத்த மதத்தில் பிறந்த பையன்களைச் சிறு வயதில் கொஞ்ச நாள் மடத்தில் சாமணேரராக, அதாவது இளந்துறவியாக, சேர்க்கும் சடங்கு ஷின்ப்யு. இந்த நாட்டில் ஒரு குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய விசேஷம் கிடையாது. பையனை ராஜகுமாரன் மாதிரி ஜோடித்து, தங்க நிறக் குடை பிடித்து ஊர்வலம் கொண்டுபோய், மடத்தில் தலையை மழித்துக் காவி கொடுப்பார்கள்.

நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் பல மாதம் அந்தப் பேச்சு எங்களுக்கு நடுவில் இருந்தது. பிறகு 2024 பிப்ரவரி 10-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. சின்ன மகனுக்கு வயது அதற்குள் இருந்தது. அவர் தாய்லாந்துக்குப் போவதென்று முடிவு செய்தார். போவதற்கு முன்னால் மகனுக்கு ஷின்ப்யுவை முடித்துவிட வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். திரும்பி எப்போது வருவார், வருவாரா என்று யாருக்கும் தெரியாது.

பெரியம்மா மறுபடி கேட்டார். போங்கள் என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.

போனோம். பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பையனுக்கு முகப் பூச்சும் உதட்டுச் சாயமும் போட்டிருந்தார்கள். வெயிலில் அது வழிந்து கழுத்துப் பட்டையில் இறங்கியிருந்தது. மடத்தில் தலையை மழிக்கும்போது விழுகிற முடி தரையில் படாமல் இருக்க, வீட்டார் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடிப்பார்கள். ஒரு முனையைத் தாய் பிடித்திருந்தாள். அவளுடைய அம்மா கூட்டத்தைத் துழாவி எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அடுத்த முனையைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணியை இழுத்துப் பிடித்தார். முடி கற்றை கற்றையாக விழுந்தது, பூந்திக்கொட்டைத் தண்ணீரின் நுரையோடு. பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். பாட்டி தமிழில், “ஆச்சுடா, ஆச்சு, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மடத்தில் அந்தப் பாஷை புரிந்தது எங்கள் நாலைந்து பேருக்குத்தான்.

மகன் அந்த மாதமே எல்லை தாண்டிவிட்டார். பையன் ஒரு வாரம் மடத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பினான். மொட்டைத் தலையோடு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்கு வந்தான். மருமகள் அந்த வீட்டு வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. பெரியம்மா அவளுக்கு முட்டை பொரித்தார்.

இதைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் போனது. யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும், அது முக்கியமில்லை. ஊழியக்காரி சபையாரை விக்கிரக ஆராதனைக்குக் கூட்டிப்போனாள் என்று எழுதியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு கிழவி தன் பேரன் தலையிலிருந்து விழும் முடியைப் பிடித்தார், அதில் தேவனுக்கு விரோதமாக எதையும் நான் காணவில்லை என்று பதில் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஜூலையில், வாசோ பௌர்ணமி கழிந்து சில நாளில், மாற்றல் கடிதம் வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வாசோ பௌர்ணமியிலிருந்து தடின்ஜுட் பௌர்ணமி வரை, மூன்று மாதம், இந்த நாட்டுப் புத்த பிக்குகள் பயணம் போவதில்லை. மழைக்காலம் முழுக்க ஒரே மடத்தில் தங்குவது அவர்களுக்குப் புத்தர் காலத்து விதி. ஜனங்களும் அந்த மாதங்களில் கல்யாணம் வைப்பதில்லை, வீடு மாறுவதில்லை. ஊரே அசையாமல் இருக்கிற அந்த நாட்களில் ஒரு பெண் மட்டும் தலையில் டிரங்குப் பெட்டியோடு சேற்று வரப்பில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? துரத்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்தார். தன்னால்தான் என்று அழுதார்.

அடுத்து அனுப்பிய இடம் தவுங்கூவுக்குக் கிழக்கே, தண்டவுங் மலைகள் ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், கரேன் இனத்தாரின் ஒரு கிராமம். பாக்குத் தோப்பு, டுரியான், கொஞ்சம் காப்பி. தமிழ் ஒரு சொல் கிடையாது. அவர்களோடு பர்மியத்தில் பேசினேன், தங்களுக்குள் அவர்கள் கரேன் பேசினார்கள். ஸயாமா போய், தராமு ஆனேன். மூங்கில் குருத்தும் கொஞ்சம் அரிசியும் போட்டுக் காய்ச்சுகிற தாலபோ என்ற குழம்பில் அவர்கள் போடும் மீன் விழுதின் வாசனை முதல் வாரம் என்னைப் படுத்தியது. பிறகு அதில்லாமல் சோறு இறங்கவில்லை.

கரேன் சபைகளில் கோ தா ப்யு பெயரைத் தெரியாத குழந்தை கிடையாது. கொள்ளைக்காரனாகத் திரிந்து, கடன் அடிமையாக விற்கப்பட்டு, மிஷனரிகளால் மீட்கப்பட்டு, 1828-இல் தவாயில் ஞானஸ்நானம் பெற்றவர். கரேன் ஜனத்தில் முதல் ஆள். அதன் பிறகு 1840-இல் சாகும்வரை அவர் ஓர் இடத்தில் நின்றதே இல்லை. கரேன் கிராமம் கிராமமாக நடந்தார். இதை அந்த ஊர்ப் போதகர் ஒரு ராத்திரி எனக்குச் சொன்னபோது, நான் என் மாற்றல் கதையைச் சொல்லிப் புலம்பியிருந்தேன். “அவர் நடந்தது தன் ஜனத்துக்குள்ளே. எந்த ஊருக்குப் போனாலும் அவர் பாஷை அங்கே அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. உனக்கு அப்படி இல்லை, உனக்கு நேரம் வேண்டும்” என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பெரிய ஆறுதல்.

அங்கே ஒரு சங்கதி நடந்தது, அதை எழுதாமல் இருக்க முடியாது. கரேன் ஜனங்கள் நான்கு குரலில் பாடுவார்கள். பத்து வயசுப் பையன்கூடத் தன் குரல் எது என்று தெரிந்து நிற்பான். நம் தமிழ் ஆராதனையில் எல்லாரும் ஒரே மெட்டில், கைத்தாளத்தோடு, டோலக் அடித்துப் பாடுவோம். ஒரு சாயங்காலம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு கீர்த்தனையை முனகினேன். போதகரின் மனைவி மறுபடி பாடச் சொன்னார். இன்னொரு தடவை என்றார். இரண்டு நாளில் அவர்கள் அதைப் பிரித்து, ஆண்களுக்கு அடியில் ஒரு குரல், பெண்களுக்கு மேலே ஒரு குரல் என்று கட்டிவிட்டார்கள். வார்த்தைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, தமிழ் தெரியாத ஒரு சபை, தஞ்சாவூர்ப் பக்கத்து மெட்டை நான்கு குரலில் தமிழில் பாடியது. ‘ழ’ வராமல் ‘ய’ வந்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

2024 செப்டம்பரில் யாகி புயலின் மிச்ச மழை வந்து தவுங்கூ பக்கத்துத் தாழ்நிலத்தையெல்லாம் முழுக்கியபோது என் பழைய ஊரும் தண்ணீருக்குள் போனது. பெரியம்மா வீட்டில் மாடியில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். நட்ட நெல் அழுகிவிட்டது. செய்தி எனக்குப் போனில் வந்தது, நான் போதகரிடம் சொன்னேன். அந்தக் கரேன் ஊர் பணக்கார ஊர் இல்லை. வீட்டுக்கு இரண்டு படி என்று அரிசி அளந்தார்கள். காய்ந்த மூங்கில் குருத்து, போர்வை, பிள்ளைகளுக்குத் துணி எல்லாம் சேர்ந்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொண்டுபோக ஒரு லாரிக்காரர் ஒத்துக்கொண்டார். இறக்கி வைத்தபோது பெரியம்மா கேட்டது: “அவுங்களுக்கு நம்ம யாரு?” கூட வந்த கரேன் பையனுக்குப் புரியவில்லை. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. அவர்கள் பாடுகிற பாட்டு நம்முடையது என்றேன். அவனைப் பாடச் சொன்னேன். பாடினான்.

ஆகவே ஊழியக்காரர்களை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாறிப் போயிருக்காவிட்டால் அந்த அரிசி வந்திருக்காது. ஆனால் முதல் ஊரில் இரண்டாவது மழை கிடைத்திருக்காவிட்டால் அந்தத் தொலைபேசி அழைப்பும் வந்திருக்காது. ஒரு வருஷத்தில் கிளம்பிய பெண்ணைக் கூப்பிட்டு, வீடு முழுகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது மௌல்மீனில் இருக்கிறேன். மோன் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் சிதறிக் கிடக்கிற தமிழ்க் குடும்பங்களைச் சந்திப்பது வேலை. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்ஸன் பர்மிய வேதாகமத்தை 1834-இல் மொழிபெயர்த்து முடித்தது இந்த ஊரில்தான். அவர் ரங்கூனில் கரை இறங்கியது 1813 ஜூலை, முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன். நடுவில் ஆறு வருஷம். பாஷை படித்தார், காய்ச்சலில் கிடந்தார், கைக்குழந்தையைப் புதைத்தார். எங்கள் ஆண்டறிக்கைப் படிவத்தில் ‘இந்த வருஷம் சேர்ந்தவர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஜட்ஸன் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் ஐந்து தடவையாவது சைபர் போட்டிருப்பார்.

இங்கே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போகிற வீட்டில் எல்லாரின் இரண்டு பெயரையும், தாத்தா எந்த ஜில்லாவிலிருந்து வந்தார் என்பதையும், தாய்லாந்திலோ மலேசியாவிலோ இருக்கிற பிள்ளையின் நம்பரையும் எழுதிக்கொள்கிறேன். பழைய பதிவேடுகள் பல ஊர்களில் 1942 சண்டையில் போயின, மிச்சம் வெள்ளத்திலும் கரையானிலும் போயிற்று. தன்ப்யுசயாட்டில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டபோது செத்த கைதிகளின் கல்லறைகள் 3,700-க்கும் மேல் வரிசையாக இருக்கின்றன, பெயரோடு. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துவரப்பட்டுச் செத்த தமிழர்களுக்கு அப்படியொரு கல்லறைத் தோட்டம் இல்லை, பெயரும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரிதான் நோட்டை ஆரம்பித்தேன். ஜாக்கிரதையாக வைத்திருக்கிறேன், யாரிடம் காட்டலாம் யாரிடம் கூடாது என்பதும் இங்கே தெரிந்திருக்க வேண்டும்.

வருகிற மார்ச் கூட்டத்துக்கு நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசோவிலிருந்து தடின்ஜுட் வரை யாரையும் மாற்றக்கூடாது என்று கேட்டிருக்கிறோம். முதல் நியமனம் இரண்டு மழைக்குக் குறையக்கூடாது. போகிறவரும் வருகிறவரும் ஒரு மாதம் ஒரே வீட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். இது செலவு என்று தெரியும், அந்த மாதச் சாப்பாட்டை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மூன்று ஊர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டார். தமிழில் ஒன்று, பர்மியத்தில் ஒன்று. எதைக் கணக்கில் எடுப்பார்களோ எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.